நூலகத்துக்கு அடியில் ஒரு மைதானம்

சங்கப் பாடல் ஒன்றை வாசிக்கும்போது ஏதோவொரு சொல்லில் தடுக்கி விழுந்தால் நம்மில் பலர் முதலில் திறப்பது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் இணையப் பதிப்பைத்தான். பேர்தான் சென்னை. அந்தப் பக்கம் இருப்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில். ஏ.கே. ராமானுஜன் 1962 முதல் 1993-ல் இறக்கும்வரை பாடம் எடுத்த இடம் அது. அந்த வளாகத்தின் பெரிய நூலகமான ரீகன்ஸ்டைனில் தமிழ்ப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. இலக்கிய வாசகர்களுக்குச் சிகாகோ என்றால் புத்தகங்கள்தான்.

ரீகன்ஸ்டைன் நூலகம் 1970-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் இருந்தது. சின்னதும் இல்லை, ஐம்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய ஸ்டேடியம். நாடே திரும்பிப் பார்த்த ஒரு அணி அங்கே ஆடியது. 1939 டிசம்பரில் பல்கலைக்கழகம் அந்த அணியைக் கலைத்துவிட்டது.

இதை ஒரு நீதிக்கதை போலச் சொல்லும் வழக்கம் உண்டு. பல்கலைக்கழகம் என்பது படிக்கும் இடம், சர்க்கஸ் கூடாரம் இல்லை என்று ஒரு தலைவர் துணிந்து சொன்னார், ஃபுட்பாலைத் தூக்கி எறிந்தார், கடைசியில் மைதானத்தின் மேலேயே நூலகம் எழுந்தது. முதலில் படித்தபோது எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்திருந்தது. பள்ளியில் பி.டி. பீரியடில் மரத்தடி தேடி உட்கார்ந்து புத்தகம் படித்த யாருக்கும் பிடிக்கும். நம் கட்சி ஜெயித்த கதை இல்லையா?

ஆனால் அந்த அணியின் வரலாற்றை ஆண்டு வாரியாகப் படித்தால் கதை அப்படி நிற்பதில்லை. எந்த ஆண்டில் எதை விட்டார்கள், எந்த ஆண்டில் விடவில்லை என்று பார்த்தாலே போதும்.

*

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. நம்மூரில் ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது. இது அது இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எதிரணி உடம்பால் மோதித் தடுக்கும். ஆட்களை எங்கெங்கே நிறுத்துவது, யார் யாரை மறிப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே வரைபடம் போட்டுத் திட்டமிடப்படும். சதுரங்கத்தையும் சடுகுடுவையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கினால் வருகிற மாதிரி ஒன்று.

சிகாகோ பல்கலைக்கழகம் ராக்ஃபெல்லர் பணத்தில் 1890-ல் நிறுவப்பட்டு 1892 அக்டோபரில் வகுப்புகளைத் தொடங்கியது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் ஹீப்ரு மொழி அறிஞர், யேலில் பேராசிரியராக இருந்தவர். புதுக் கல்லூரி, பழைய பெருமை எதுவும் கிடையாது. ஹார்வர்டும் யேலும் இருநூறு வருஷக் கதை சொல்லும்போது இவரிடம் இருந்தது கட்டிட வேலை நடக்கும் ஒரு சதுப்பு நிலம். ஆனால் யேலில் தன்னிடம் ஹீப்ரு படித்த ஒரு பையன் நாடறிந்த விளையாட்டு வீரன் என்பது அவருக்கு நினைவிருந்தது. அந்தப் பையன்தான் அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக்.

ஸ்டாக் பாதிரியாராகப் படித்தவர். மேடையில் நின்று பேச வராது என்று பிரசங்கத்தைக் கைவிட்டு விளையாட்டுக்கு வந்தவர். ஹார்ப்பர் அவரைக் கோச்சாக மட்டும் எடுக்கவில்லை. பேராசிரியர் பதவி கொடுத்து, நிரந்தரப் பணியாக்கி, உடற்கல்விக்கு என்று ஒரு துறையையே அவர் கையில் ஒப்படைத்தார். ஒரு ஃபுட்பால் கோச்சுக்குப் பேராசிரியர் நாற்காலி என்பது அன்று கேள்விப்படாத விஷயம். முதல் வருஷம் ஆள் பற்றாமல் ஸ்டாக்கே அணியில் இறங்கி ஆடினார். அப்போது ஆரம்பித்தவர் 1932 வரை, 41 சீசன்கள், அங்கேதான் இருந்தார்.

ராபின் லெஸ்டர் எழுதி 1995-ல் வெளிவந்த ‘ஸ்டாக்ஸ் யூனிவர்சிட்டி’ இந்த அணியின் எழுச்சியையும் சரிவையும் சொல்லும் நூல். ‘ஸ்டாக்கின் பல்கலைக்கழகம்’ என்ற அந்தத் தலைப்பிலேயே ஒரு குத்தல் இருக்கிறது. அறிவுக்கோயிலுக்குள் ஃபுட்பால் எப்படியோ பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நடந்தது வேறு. தலைவரே வாசலில் நின்று ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துக்கொண்டார். பல்கலைக்கழகம் ஊருக்குத் தெரிய வேண்டும், பணம் தருகிறவர்களின் கண்ணில் பட வேண்டும். அறிஞர்களை வைத்து அதைச் செய்ய முப்பது வருஷம் ஆகும். பதினோரு பையன்களை வைத்து ஒரு நவம்பரில் செய்துவிடலாம்.

ஸ்டாக் ஒழுக்கசீலர். குடி, புகை கிடையாது. அவரைத் திருடன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஆட்களைப் பிடிக்கும் வேலையை ஒரு அமைப்பாகவே கட்டியவர் அவர். அமெரிக்கா முழுக்க உள்ள பள்ளிக்கூட மாணவர்களுக்குத் தடகளப் போட்டியும் கூடைப்பந்துப் போட்டியும் சிகாகோ வளாகத்தில் வருஷாவருஷம் நடத்தினார். பையன்கள் ஓட வந்தார்கள், வளாகத்தைப் பார்த்தார்கள், நல்லவன் யார் என்று கோச் பார்த்துக்கொண்டார். இன்று கோடிக்கணக்கில் பணம் புரளும் கல்லூரி விளையாட்டில் நாம் பார்த்து முகம் சுளிக்கிற பல பழக்கங்களின் மூலப்பிரதி இங்கே, புத்தகங்களின் சிகாகோவில்தான் எழுதப்பட்டது.

*

இப்போது 1905. இந்த வருஷத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அந்த வருஷம் அமெரிக்கா முழுக்க ஃபுட்பால் ஆடி இறந்தவர்கள் பதினெட்டு, பத்தொன்பது பேர் என்று பத்திரிகைகள் எண்ணின. அப்போது ஹெல்மெட் கட்டாயம் இல்லை. முன்னால் பந்து எறியும் பாஸ் கிடையாது. கும்பலாகக் கைகோத்து ஒரே இடத்தில் முட்டுவதுதான் ஆட்டம். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டிவந்தது. சிகாகோவிலேயே இறையியல் பேராசிரியர் ஷெய்லர் மேத்யூஸ், இது பையன்களைக் கொல்கிற, கல்வியை விலைபேசுகிற ஆட்டம் என்ற பொருளில் கடுமையாகச் சொன்னார். ஃபுட்பாலை ஒழிக்க வேண்டும் என்பதற்கு இன்றைக்கு நாம் சொல்லக்கூடிய எல்லாக் காரணங்களும் அன்றே மேஜையில் இருந்தன. பிணங்களும் இருந்தன.

அதே நவம்பர் 30, நன்றி நவிலும் நாள். மிச்சிகன் அணி 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாமல் வந்து நிற்கிறது. சிகாகோவின் குவார்ட்டர்பேக் வால்ட்டர் எக்கர்சால் உதைத்த பந்து மிச்சிகனின் கோல் கோட்டைத் தாண்டி விழுந்தது. அதை எடுத்த டென்னி க்ளார்க் அப்படியே கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை, ஓடப் பார்த்தார். சிகாகோ ஆட்கள் அவரைக் கோட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய் வீழ்த்தினார்கள். அதற்கு இரண்டு பாயிண்ட். ஆட்டம் முழுக்க வேறு ஸ்கோரே இல்லை. சிகாகோ 2, மிச்சிகன் 0. ஊர் பைத்தியம் பிடித்துக் கொண்டாடியது. ஹார்ப்பர் அப்போது புற்றுநோயில் படுத்த படுக்கை. ஆறு வாரத்தில், ஜனவரி 10-ல், இறந்துபோனார்.

க்ளார்க்கை அந்த இரண்டு பாயிண்ட் ரொம்ப நாள் விடவில்லை. அவர் 1932-ல் தற்கொலை செய்துகொண்டபோது பத்திரிகைகள் அதையேதான் மறுபடியும் தோண்டி எடுத்தன. அவர் மனதில் என்ன இருந்தது என்பது வேறு. இருபத்தேழு வருஷம் கழித்தும் ஒரு மனிதனின் சாவுச்செய்தியில் எழுத வேறொன்றும் கிடைக்காத அளவுக்கு அந்த ஆட்டம் பெரிதாக இருந்திருக்கிறது.

எக்கர்சால் கதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சூப்பர் ஸ்டார். படிப்பு மட்டும் ஏறவில்லை. ஆடும் தகுதி முடிந்ததும் பட்டம் வாங்காமலே வெளியே போனார். அறிவுக்கு இவ்வளவு மரியாதை தருகிற ஒரு நிறுவனத்தில், எல்லாருக்கும் தெரிந்த ஒரு மாணவன் எதுவும் படிக்காமல் நாலு வருஷம் ஓட்ட முடிந்திருக்கிறது என்றால் எத்தனை பேர் பார்வையை வேறு பக்கம் திருப்பியிருக்க வேண்டும்!

1905-க்குப் பிறகு சில திருத்தங்கள் வந்தன. ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், ஒரு மாணவன் எத்தனை வருஷம் ஆடலாம் என்று வரம்பு வைத்தார்கள், 1906-ல் முன்பக்கப் பாஸை அனுமதித்தார்கள். ஆனால் சிகாகோ ஃபுட்பாலைக் கைவிட்டதா? இல்லை. ஏன்னா ஜெயிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஜெயிக்கிற வீட்டுல யாரும் கணக்கு கேட்கிறதில்ல. 1924 வரை பிக் டென் எனப்படும் கூட்டமைப்பில் ஏழு பட்டங்கள் சிகாகோவுடையவை.

*

பிறகு சரிவு. அதற்குக் காரணம் ஒழுக்கமோ தத்துவமோ அல்ல, எண்ணிக்கை. மிச்சிகன், இல்லினாய், ஒஹையோ எல்லாம் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள், பல்லாயிரம் மாணவர்கள். அங்கெல்லாம் உடற்கல்வியிலேயே பட்டம் வாங்கலாம், ஆட்டக்காரனைச் சேர்த்துவைக்க ஒரு துறை இருந்தது. சிகாகோவில் இளநிலை மாணவர்கள் ஒப்பீட்டில் கைப்பிடி அளவு, உடற்கல்விப் பட்டமும் இல்லை. பக்கத்து ஊரில் நார்த்வெஸ்டர்ன், கொஞ்ச தூரத்தில் நோட்ர டேம். தொழில்முறை அணியான பேர்ஸ் வேறு பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. பெரிய பல்கலைக்கழகங்களின் நடுவே ஒரு சின்னப் பல்கலைக்கழகம் தன் பழைய பேரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

1929-ல் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் தலைவராக வந்தார். வயது முப்பது. நீதிக்கதையின் நாயகன் இவர்தான். உடற்பயிற்சி செய்யத் தோன்றினால் அந்த எண்ணம் போகும்வரை படுத்துக்கொள்வேன் என்று ஒரு ஜோக் பலர் பெயரில் சுற்றும்; இவர் பெயரில் சுற்றியபோதுதான் அது சரியாகப் பொருந்தியது. மகத்தான நூல்களை எல்லா மாணவர்களும் படிக்க வேண்டும் என்று சொன்னவர். பிற்பாடு ‘மேற்குலகின் மகத்தான நூல்கள்’ என 54 தொகுதிகளாக அது விற்பனைக்கும் வந்தது. தலைப்பு நேர்மையானது: மேற்குலகம் மட்டும்தான். ராமானுஜன்கள் வர இன்னும் காலம் இருந்தது.

ஹட்சின்ஸை நான் கிண்டல் செய்து ஒதுக்க விரும்பவில்லை. இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர் 1937-ல் சிகாகோவின் யெர்க்கிஸ் வானாய்வகத்தில் சேர்ந்தபின், வளாகத்தில் அவர் பாடம் எடுக்கக்கூடாது என்று டீன் ஒருவர் நிறத்தை மனதில் வைத்துத் தடுத்தபோது, எடுக்கட்டும் என்று முடித்துவைத்தவர் இவர். துணிச்சல் இல்லாதவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபுட்பால் விஷயத்தில் அவருக்குக் கிடைத்த துணிச்சல் பட்டம் கொஞ்சம் சலுகை விலையில் கிடைத்தது என்பதுதான் என் வாதம்.

முதலில் அவர் அணியைக் கலைக்கவில்லை. எழுபது வயதானதும் ஸ்டாக்கை ஓய்வு பெறச் சொன்னார்கள். அந்தக் கிழவர் கலிஃபோர்னியாவில் காலேஜ் ஆஃப் தி பசிஃபிக் என்ற சின்னக் கல்லூரிக்குப் போய்க் கோச் வேலையைத் தொடர்ந்தார். அவர் இடத்துக்கு க்ளார்க் ஷானஸி வந்தார். ஜே பெர்வாங்கர் என்ற அபாரமான ஆட்டக்காரர் கிடைத்தார். 1935-ல் பிற்பாடு ஹெய்ஸ்மன் என்று பெயர் பெற்ற கோப்பையை முதன்முதலில் வாங்கியவர் இவர்தான். 1934-ல் இவரைத் தடுக்கப் பாய்ந்த ஒரு மிச்சிகன் ஆட்டக்காரருக்கு இடது கண்ணுக்குக் கீழே கிழிந்து தழும்பாகிவிட்டது. அந்த மிச்சிகன்காரர் பெயர் ஜெரால்ட் ஃபோர்ட், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. 1936-ல் தொழில்முறை அணிகள் நடத்திய முதல் தேர்வில் முதல் பெயர் பெர்வாங்கருடையது. அவர் ஒரு நாளும் தொழில்முறையில் ஆடவில்லை. கோப்பையை அவருடைய அத்தை வீட்டில் கதவு சாத்திவிடாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். இதையும் படிப்புக்காக ஆட்டத்தைத் துறந்தவர் என்று சிலர் நீதிக்கதை ஆக்குவார்கள். அட, அவர் சம்பளம் கேட்டார், பேர்ஸ் முதலாளி ஹாலஸ் அவ்வளவு தர மாட்டேன் என்றார். அவ்வளவுதான்.

பெர்வாங்கர் போனதும் அணி உதிர்ந்தது. 1938 நவம்பரில் பசிஃபிக் அணி சிகாகோவுக்கு ஆட வந்தது. எழுபத்தாறு வயது ஸ்டாக், தன் பெயரையே தாங்கிய ஸ்டாக் ஃபீல்டில், எதிரணிப் பக்கம் நிற்கிறார். பசிஃபிக் 32, சிகாகோ 0. இந்த வரலாற்றில் ஒரு சிறுகதைக்குரிய காட்சி என்றால் இதுதான். ஜெயித்த அந்த மாலையில் கிழவர் எந்தப் பக்கத்து வாசல் வழியாக வெளியே போயிருப்பார்?

அடுத்த மாதமே ஹட்சின்ஸ் ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ இதழில் கல்லூரி விளையாட்டைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரை, கூர்மையான நகைச்சுவை. அதில் அவர் சொன்ன தீர்வுகளில் ஒன்று, டிக்கெட்டைப் பத்து சென்ட்டாகக் குறைப்பது. இன்னொன்று, கோச்சுகளுக்குப் பேராசிரியர்களைப் போலப் பணிப்பாதுகாப்பு தருவது. வேலை போகும் பயம் இல்லையென்றால் எப்படியாவது ஜெயிக்கும் வெறியும் இருக்காதாம். படிக்கும்போது சிரிப்பு வந்தது. பேராசிரியர் பதவியில் நிரந்தரமாக்கப்பட்ட கோச் என்பது சிகாகோவே நாற்பது வருஷம் நடத்திப் பார்த்த பரிசோதனை! அந்தப் பாதுகாப்போடு ஸ்டாக் கட்டியதுதான் இவர் திட்டிய அத்தனையும். தன் சொந்த வீட்டு வரலாற்றை இவ்வளவு லாவகமாகத் தாண்டிப்போவதற்கு நல்ல உரைநடை தேவைப்படுகிறது.

1939. ஹார்வர்டிடம் 61–0. மிச்சிகனிடம் 85–0. வர்ஜீனியாவிடம் 47–0. ஒஹையோ ஸ்டேட்டிடம் மறுபடி 61–0. இல்லினாயிடம் 46–0. நடுவில் வாபாஷ், ஓபர்லின் என்ற இரண்டு சின்னக் கல்லூரிகளை மட்டும் ஜெயித்தார்கள். சீசன் முழுக்க வாங்கியது 308 பாயிண்ட், எடுத்தது 37. டிசம்பர் 21-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு, அறங்காவலர் குழு அணியைக் கலைக்கத் தீர்மானித்தது.

ஆக, 1905-ல் பையன்கள் செத்தபோது விடவில்லை. எக்கர்சால்கள் படிக்காமல் போனபோது விடவில்லை. 85–0 வந்தபோது விட்டார்கள். காரணங்கள் அதேதான், மாறியது ஸ்கோர். தோற்றுக்கொண்டிருப்பதை விடுவதற்குப் பெயர் துறவு என்றால் நம்மில் பாதிப்பேர் முனிவர்கள்.

ஒரு உபகதை. கலைக்கப்பட்ட அணியின் கோச் ஷானஸி அடுத்த வருஷம் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். முந்தைய சீசனில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்த அணி அது. 1940-ல் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்து ரோஸ் பௌலையும் வென்றது. இந்தப் பக்கம் பேர்ஸுக்கு அவர் தீட்டிக்கொடுத்த ‘டி’ வடிவ ஆட்ட அமைப்பு, ஃபுட்பாலின் சிந்தனையையே மாற்றியது. அந்த டிசம்பரில் இறுதி ஆட்டத்தில் பேர்ஸ் எடுத்தது 73, எதிரணி 0. மூளையை வைத்துக்கொண்டு உடலைத் துரத்தினோம் என்று சிகாகோ நினைத்தது. வெளியே போனதிலும் கொஞ்சம் மூளை இருந்தது.

*

காலியான ஸ்டேடியத்தில் என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். மேற்குப் பக்கப் படிக்கட்டுகளுக்கு அடியில் ராக்கெட்ஸ் ஆடும் ஒரு உள்ளரங்கு இருந்தது. ஆர்கோன் வனப்பகுதியில் கட்டவிருந்த கட்டிடம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் தாமதமானதால் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு இங்கேயே கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் 57 அடுக்காக அடுக்கியது. 1942 டிசம்பர் 2, மதியம் மூன்றரை மணி வாக்கில், தன்னைத்தானே தொடர்ந்து நடத்திக்கொள்ளும் முதல் அணுத் தொடர்வினை அங்கே நிகழ்ந்தது. கதிர்வீச்சைத் தடுக்கும் சுவர் எதுவும் இல்லை, சுற்றிலும் ஊர். ஏதாவது தவறினால் மேலிருந்து ஊற்றக் காட்மியம் கரைசலோடு மூன்று பேர், கயிற்றை வெட்டக் கோடாலியோடு ஒருவர்.

இதை அனுமதித்த ஆர்தர் காம்ப்டன் பல்கலைக்கழகத் தலைவரைக் கேட்கவில்லை. கேட்டால் விஞ்ஞானி அல்லாத ஹட்சின்ஸ் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் கேட்கவில்லை என்று அவரே பிறகு எழுதினார். ஆபத்தான ஆட்டம் என்று எதை அனுப்பிவைத்தாரோ அதன் காலி நாற்காலிகளுக்கு அடியில் என்ன நடக்கப்போகிறது என்று ஹட்சின்ஸிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு சின்னத் தகவல்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. அந்தக் குளிர்காலத்தில் ஸ்டேடியத்துக்கு அடியில் சூடேற்ற வழியில்லை. காவலர்கள் விறைத்துப் போனார்கள். எண்ணெய்ப் பீப்பாயில் கரி மூட்டிப் பார்த்தால் புகை தாங்கவில்லை. கடைசியில் ஒரு பழைய லாக்கரில் ரக்கூன் தோல் கோட்டுகள் கிடைத்தன. இருபதுகளில் ஃபுட்பால் பார்க்கப் போகும் கல்லூரிப் பையன்களின் பந்தா உடை அது. அதைப் போட்டுக்கொண்டு நின்றார்கள் அணு உலைக் காவலர்கள். ஃபெர்மி குழுவில் இருந்த ஆல்பர்ட் வாட்டன்பெர்க் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். ஆட்டம் போய்விட்டது, உடுப்பு மட்டும் அங்கேயே கிடந்திருக்கிறது.

ஃபுட்பாலை விரட்டியதால்தான் அணுகுண்டு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது வாட்ஸ்அப் தத்துவம். ஆனால் ஸ்டேடியத்தில் இருந்தது காட்டுமிராண்டித்தனம், நூலகத்தில் இருப்பது நாகரிகம் என்று கோடு போட்டுப் பிரிக்கிற நீதிக்கதையால் இந்த 1942-ஐ விழுங்க முடியாது. 1939-க்கும் 1970-க்கும் நடுவில் அதே மண்ணில் நிற்கும் அந்த நாளைத் தாண்டிக் குதித்தால்தான் கதை அழகாக வரும்.

டான் டெலில்லோவின் ‘எண்ட் ஸோன்’ (1972) நாவலை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. மேற்கு டெக்சஸ் பாலையில் லோகோஸ் கல்லூரி என்ற கற்பனைக் கல்லூரி. அங்கே ஃபுட்பால் ஆடும் கேரி ஹார்க்னஸ் அணு ஆயுதப் போர் பற்றிய பாடப்புத்தகங்களை ரகசிய ஆசையோடு படிக்கிறான். ஃபுட்பால்தான் போர் என்று சொல்லும் நாவல் என்று இதைச் சுருக்குகிறவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு வேண்டாம், அசல் போர் இருக்கும்போது பதிலி எதற்கு என்று நாவலுக்குள்ளேயே ஒரு பாத்திரம் சொல்கிறது. டெலில்லோ கவனிப்பது வேறொன்றை: இரண்டுக்கும் ஒரே மாதிரியான பாஷை இருக்கிறது. ஆட்ட வியூகங்களின் குறிச்சொற்களும் மெகாடன் கணக்குகளும் உடல்களைப் பற்றிப் பேசுகின்றன, உடல் என்ற சொல்லே இல்லாமல். நாவலின் மத்தியில் வரும் நீண்ட ஆட்ட அத்தியாயத்தை எரிச்சலோடு தள்ளிவிட்டுப் போகாமல் படித்தால் இது புரியும். சிகாகோவின் வரலாறு தெரிந்தபின் படித்தால் அந்தப் பாலைவனம் அவ்வளவு கற்பனையாகத் தோன்றாது. என் ஒரே குறை, டெலில்லோவின் பையன்கள் எல்லாரும் கொஞ்சம் அதிகமாகவே தத்துவம் பேசுகிறார்கள். எக்கர்சால் மாதிரி ஒருவனுக்கு அந்தக் கல்லூரியில் இடமே கிடைத்திருக்காது.

வென்றுகொண்டிருக்கும்போதே வேண்டாம் என்று சொன்னவர்களை இந்த வளாகத்தின் வரலாற்றில் தேடினால் இரண்டு இடத்தில் கிடைக்கிறார்கள். ஒருவர் 1905-ன் மேத்யூஸ். அடுத்தவர்கள் 1945 ஜூலையில் லியோ சிலார்ட் எழுதிய மனுவில் கையெழுத்திட்ட சுமார் எழுபது விஞ்ஞானிகள். ஜப்பானுக்குச் சரணடையும் வாய்ப்பைத் தராமல் குண்டைப் போடாதீர்கள் என்று கேட்டவர்கள். இரண்டு தரப்பும் தோற்றன. அவர்களைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லும் உற்சாகக் கதைகள் குறைவு. 85–0 கதைக்குத்தான் கிராக்கி.

*

1957-ல் ஸ்டாண்டுகளை இடித்தார்கள். 1967-ல், தொடர்வினையின் இருபத்தைந்தாம் ஆண்டு நாளில், ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பத்தை அங்கே திறந்தார்கள். ஒரு பக்கம் மண்டையோடு, ஒரு பக்கம் குடைக்காளான் புகை. எதுவாகவும் பார்க்கலாம். பக்கத்தில் நூலகம் எழுந்தது.

ஃபுட்பாலும் திரும்பி வந்தது, அது நீதிக்கதையில் வராத பகுதி. 1963-ல் கிளப் அளவில் ஒரு ஆட்டம் ஏற்பாடானபோது மாணவர்கள் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து மறித்தார்கள். ஆனாலும் 1969-ல் அதிகாரபூர்வ அணி மறுபடி உருவானது. வேறு இடத்தில், ஸ்டாக் ஃபீல்ட் என்ற அதே பெயரில் ஒரு சின்ன மைதானம். விளையாட்டுக்கென்று உதவித்தொகை தராத மூன்றாம் பிரிவில் இன்றும் ஆடுகிறார்கள். வேதியியல் தேர்வு எழுதிவிட்டு வந்து மோதி விழும் பையன்கள். துசிடிடீஸையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் கத்துகிற ஒரு உற்சாகக் கோஷம் வேறு அவர்களுக்கு உண்டு, தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ள. சும்மா சொல்லக்கூடாது, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அணி இதுதான். தோற்றாலும் யாரும் கலைக்கப்போவதில்லை. ஜெயித்தாலும் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

ஸ்டாக் 1965 வரை, 102 வயது வரை, வாழ்ந்தார். ‘மிட்வேயின் அசுரர்கள்’ என்று ஒரு காலத்தில் சிகாகோ பல்கலைக்கழக அணிக்கு இருந்த பட்டப்பெயரைப் பேர்ஸ் எடுத்துக்கொண்டார்கள். மிட்வே என்பது அந்த வளாகத்தை ஒட்டிய நீண்ட புல்வெளி. பேர்ஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி வர்ணனையாளர்கள் இன்னமும் அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.